விண்கல் மோதிரமும் விளக்கு எண்ணெயும்



மேலை நாடுகளில் இன்று சில கைவினைஞர்கள் புதுமையான திருமண மோதிரங்களைச் செய்கிறார்கள். டைட்டானிய வளையத்தில் பள்ளம் கடைந்து, அதில் விண்கல்லின் மெல்லிய தகட்டைப் பதிக்கிறார்கள். அதை ஒட்டி, இருளில் ஒளிரும் பொடியைப் பிசினில் குழைத்து நிரப்புகிறார்கள். பொன் இல்லாத இந்த மோதிரத்தைத் திருச்சபை மந்திரிக்குமா? இந்தக் கேள்வியோடு வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமை அறிஞர் பிளினி, தம் காலத்தில் நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்குக் கல் பதிக்காத இரும்பு மோதிரம் அனுப்பும் வழக்கம் இருந்ததாக எழுதியுள்ளார். பொன் மோதிரம் பின்னரே பரவியது. 866-ஆம் ஆண்டு திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ் பல்கேரியர்களுக்கு எழுதிய மடலில், மோதிரத்தைப் பிரமாணிக்கத்தின் அடையாளமாகக் குறிப்பிட்டார். ஆனால் வறுமையால் இத்தகைய சடங்குகளைச் செய்ய இயலாதவர் மீது பாவம் இல்லை என்றும், மணமக்களின் சம்மதமே போதும் என்றும் அதே மடலில் தெளிவுபடுத்தினார். மகளின் நகைக்காகக் கடன்படும் பெற்றோர் இதை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. திருச்சபை மந்திரிப்பது உலோகத்தின் விலையை அல்ல, அது சுட்டும் வாக்குறுதியையே.

இனி, விண்கல்லுக்கு வருவோம். இம்மோதிரங்களுக்குப் பெரிதும் பயன்படுவது ஆப்பிரிக்காவின் நமீபியாவில் விழுந்த இரும்பு விண்கல். யோசுவா நூலில் வரும் கிபயோன் நகரின் பெயரைத் தாங்கிய ஓர் ஊரின் அருகே அதன் துண்டுகள் சிதறிக் கிடந்தன. நாமா மக்கள் அந்த இரும்பில் கருவிகளும் ஆயுதங்களும் செய்தார்கள். 1830-களில் ஜேம்ஸ் அலெக்சாண்டர் என்ற பிரித்தானியப் படைத்தலைவர் அதன் மாதிரிகளைச் சேகரிக்க, அது விண்ணிலிருந்து வந்தது என்பதை வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல் உறுதிசெய்தார். அதை அறுத்து அமிலத்தில் தோய்த்தால், நெய்த துணிபோல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரியும். விண்வெளியில் அந்த இரும்பு இலட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்லக் குளிர்ந்ததால் உருவான கோலம் அது. எந்தப் பட்டறையிலும் அதைச் செய்ய முடியாது.

ஆனாலும் அது இரும்புதான். வியர்வை பட்டால் துருப்பிடிக்கும். அவ்வப்போது துடைத்து எண்ணெய் தடவ வேண்டும்.

ஒளிரும் பொருளின் வரலாறோ கண்ணீரில் நனைந்தது. 1917 முதல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இளம்பெண்கள் ரேடியம் கலந்த சாயத்தைக் கடிகார முகப்புகளில் தீட்டினார்கள். தூரிகையின் முனையைக் கூராக்க அதை உதட்டில் வைக்கும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. சிலர் விளையாட்டாக நகங்களிலும் பூசிக்கொண்டார்கள். அழகாக ஒளிர்ந்த அதே பொருள் அவர்களது தாடை எலும்பை அரித்தது, பலர் இறந்தனர். ஐந்து பெண்கள் நோயுற்ற நிலையிலும் வழக்காடி, 1928-இல் இழப்பீடு பெற்றார்கள். இன்று மோதிரங்களில் இடப்படும் பொடி பெரும்பாலும் வேறு வகை. 1990-களில் ஜப்பானில் உருவான அதில் கதிரியக்கம் இல்லை. அதற்குச் சொந்த ஒளியும் இல்லை. வெளிச்சத்தில் வைத்தால் ஒளியை வாங்கிக்கொள்ளும்; இருள் வந்ததும் சில மணி நேரம் அதைத் திருப்பித் தரும். பெட்டியிலேயே பூட்டி வைத்தால் ஒளிராது.

அன்பார்ந்தவர்களே, மத்தேயு நற்செய்தியின் பத்துக் கன்னியரை நினைத்துப் பாருங்கள். பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. ஐந்து பேரிடம் எண்ணெய் இல்லை. திருமண நாளில் எல்லா விளக்குகளும் எரிகின்றன. மணமகன் வரத் தாமதமாகும் நள்ளிரவில்தான் எண்ணெயின் அருமை தெரிகிறது. நோய், கடன், குழந்தை இல்லாத ஏக்கம், மாமியார் வீட்டுக் கசப்பு ஆகியவையே இல்லறத்தின் நள்ளிரவுகள்.

விண்ணிலிருந்து வந்த இரும்பும் கவனிக்காவிட்டால் துருப்பிடிக்கிறது. அப்படியே, விண்ணகக் கொடையான திருமணமும் நாள்தோறும் பேணப்பட வேண்டும். மன்னிப்புக் கேட்கும் ஒரு சொல், சேர்ந்து உண்ணும் ஒரு வேளை உணவு, இருவரும் முழந்தாளிடும் ஒரு சிறு செபம் ஆகியவையே அதற்கான எண்ணெய். நம்மிடமும் சொந்த ஒளி இல்லை. ஆண்டவரின் திருமுன் நின்று பெற்றதையே இருளில் ஒருவருக்கொருவர் தருகிறோம்.

இன்றிரவு உங்கள் விரலில் உள்ள மோதிரத்தையோ கழுத்தில் உள்ள தாலியையோ தொட்டுப் பாருங்கள். அது எத்தனை சவரன் என்று எண்ண வேண்டாம். அன்று பீடத்தின் முன் சொன்ன வாக்கு துருப்பிடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். துருப்பிடித்திருந்தால் இன்றே துடைப்போம். அதற்கான அருளை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.