ஒரே பாட்டு, வேறு வேறு சத்தம்: சிலோன் ரேடியோ முதல் செல்போன் வரை

எந்த ஆப்பில் பாட்டு நன்றாகக் கேட்கும்? நண்பர்கள் கூடினால் முடிவே இல்லாத விவாதம் இது. ஆனால் ஒரே பாட்டு இடத்துக்கு இடம் வேறாகக் கேட்பது புதிய கதை அல்ல. சாத்தான்குளம் போன்ற தூத்துக்குடி மாவட்டத்து ஊர்களில் அது ரேடியோ காலத்திலேயே தொடங்கிவிட்டது!

1952-ல் பி.வி. கேஸ்கர் மத்திய அமைச்சரானதும் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றுபோனது. மக்கள் சிலோன் ரேடியோ பக்கம் போனார்கள். மத்திய அலை, கடலின் உப்பு நீர் மேல் அதிகம் பலம் குறையாமல் செல்லும். அதனால் மன்னார் வளைகுடாவைத் தாண்டியும் இலங்கை ஒலிபரப்பு இந்தக் கரைக்கு எட்டியது. 1957-ல் விவித்பாரதியும், 1963-ல் திருநெல்வேலி வானொலியும் வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஆனால் ஒரு குறை உண்டு. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். மத்திய அலை ரேடியோவில் சுமார் 5,000 வரைதான் வரும். குரல் வரும், ஜால்ராவின் கிணுகிணுப்பு வராது.

அடுத்து கேசட். கடையில் பட்டியல் கொடுத்தால் வேண்டிய பாட்டுகளைப் பதிந்து தருவார்கள். நகலுக்கு நகல் எடுக்க எடுக்க 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கூடும்.

1982-ல் அறிமுகமான சிடியில் விநாடிக்கு 1,411 கிலோபிட் தகவல் இருந்தது. பிறகு வந்த எம்பி3 அதை 128 ஆகச் சுருக்கியது. ஒரே தட்டில் நூற்றுக்கும் மேல் பாட்டு! பதிலுக்கு நுண்ணிய ஒலிகள் போயின.

இப்போது ஆப்புக்கு வருவோம். ஒரே கோப்பை இரண்டு பிளேயரில், ஈக்வலைசரை அணைத்துவிட்டு, ஒரே சத்த அளவில் கேட்டால் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. பிறகு ஏன் வேறுபடுகிறது?

முதல் காரணம் சுருக்கம். 2019-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை அதிகபட்சம் 320 கிலோபிட் தந்தது. ஆப்பிள் மியூசிக் 2021-லேயே இழப்பில்லாத ஒலியைக் கொண்டுவந்தது. இரண்டாவது சத்த அளவு. கொஞ்சம் உரக்கக் கேட்பதைக் காது 'நல்ல தரம்' என்று நம்பிவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம்: பாட்டு எதிலிருந்து எடுக்கப்பட்டது? தேய்ந்த கேசட்டிலிருந்து ஏற்றிய பாட்டுக்கு 'லாஸ்லெஸ்' என்று பெயர் வைத்தால், கேசட்டின் இரைச்சல்தான் இழப்பில்லாமல் வந்து சேரும்!

மூல நாடா கெட்டுப்போன பழைய பாட்டை எந்த ஆப்பாலும் மீட்க முடியாது. நல்ல நிலையில் உள்ள ஒரு இசைத்தட்டு மீட்கலாம். அது யார் வீட்டுப் பரணிலும் இருக்கலாம். பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள் நண்பர்களே.