சேர்வராயன் மலையும் செய்திக் கம்பியும்

சேலத்தின் வடகிழக்கே எழுந்து நிற்பது சேர்வராயன் மலை. ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்தில் அமைந்துள்ள ஏற்காட்டின் வரலாற்றை நோக்குங்கால், இம்மலைக்கு வசதிகள் பெரும்பாலும் வாணிபத்தின் பின்னேதான் வந்தன என்பது புலப்படும்.

1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் இங்கே காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். தோட்டங்கள் பெருகின, துரைமார் மாளிகைகள் எழுந்தன, வளைந்து வளைந்தேறும் மலைச் சாலையும் பின்னர் அமைந்தது. ஆனால், அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே இங்கு வாழ்ந்துவந்த மலையாளிப் பழங்குடியினரின் (கேரளத்தாரல்லர், தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்) சிற்றூர்களுக்கோ ஒற்றையடிப் பாதையே துணையாயிற்று.

இணையத்தின் கதையும் இதுவே. 1995 ஆகஸ்ட் 15 அன்று நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டபோது, பெருநகரங்களே முதலில் பயன் பெற்றன. காரணம் வெளிப்படை. பாறையைக் குடைந்து நெடுந்தொலைவு கம்பி பதித்தால், அதன் முடிவில் இருப்பவை சில குடிசைகளே. செலவு மிகுதி, வருவாய் சொற்பம். கைப்பேசிக் கோபுரத்தின் அலையோ குன்று குறுக்கிட்டால் வலுவிழந்துவிடும்.

இக்குறையைக் களையவே, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் ஒரு பங்கைப் பெற்றுச் சிற்றூர்களுக்குச் செலவிடும் நிதியம் 2002இல் ஏற்பட்டது. சுமார் இரண்டரை இலட்சம் ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் திட்டத்திற்கு 2011இல் அரசு ஒப்புதல் அளித்தது. 2015இல் அது ‘பாரத்நெட்’ எனப் பெயர் பெற்றது. நன்முயற்சியே, எனினும், அதன் தொடக்க எல்லை ஊராட்சி மன்றம்தான். சமவெளியில் அம்மன்றம் வீட்டுக்கு அருகிலிருக்கலாம். மலையிலோ ஓர் ஊராட்சியின் குக்கிராமங்கள் சரிவுதோறும் சிதறிக் கிடக்கின்றன.

இணையம் கல்வியுரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. கல்லூரி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கு அது. ஆறு திங்களுக்குள், 2020 மார்ச்சில், கொள்ளை நோயால் நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது கம்பி எட்டிய வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் தொடர்ந்தது. எட்டாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியே மறைந்தது. அறிவில் குறைந்ததால் அன்று, பிறந்த இடத்தால் அவன் பின்தங்கினான்.

காப்பிக்காகச் சாலை அமைத்த காலம் கடந்துவிட்டது. ஊராட்சி மன்றத்தின் வாயிலில் நிற்கும் கம்பி, கடைசிச் சரிவிலுள்ள குடிசையின் வாயிலையும் அடைய வேண்டும். அதுவரை, இத்திட்டம் நிறைவுற்றதென நாம் கொள்வதற்கில்லை.