பங்குப் பதிவேடும் மக்கள்தொகையும்

வளர்ந்த நாடுகளில் குடும்பம் சிறியது, வளரும் நாடுகளில் பெரியது என்பதை ஏதோ இயற்கை நியதி போலப் பேசுவோர் பலர். ஏழைகளுக்குப் பொறுப்பில்லை என்னும் தீர்ப்பும் அப்பேச்சினுள் ஒளிந்திருக்கிறது. பழைய பங்குப் பதிவேடுகளைப் புரட்டினால் அத்தீர்ப்பு நிலைப்பதில்லை.

திரெந்துப் பொதுச்சங்கம் 1563-இல் திருமணங்களைப் பதிவு செய்யுமாறு பங்குத்தந்தையரைப் பணித்ததை நாம் அறிவோம். லுத்தரன் சபையைப் பின்பற்றிய சுவீடனில் 1686-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் அதனினும் விரிந்த கடமையைக் குருக்கள்மேல் சுமத்தியது. 1749-இல் அரசு அச்சிட்ட படிவங்களை அனுப்பி, ஒவ்வொரு பங்கின் பிறப்பையும் இறப்பையும் கேட்டது. கூட்டிப் பார்த்தபோது மக்கள் ஏறத்தாழ 18 லட்சமே. பின்லாந்தைச் சேர்த்தாலும் அரசு நம்பியிருந்ததைவிடக் குறைவு. படை வலிமையைப் பகைவர் கணித்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் அந்த எண்ணையே சில ஆண்டுகள் இரகசியமாகக் காத்தனர்!

அப்படிவங்களில் மனத்தை உலுக்கும் ஒரு பத்தி உண்டு. தாயோ செவிலியோ உறங்கும்போது அருகில் கிடந்து மூச்சுத் திணறி இறந்த குழந்தைகளுக்கென்று தனி இடம். பிறந்த ஐந்து குழந்தைகளுள் ஒன்று முதல் ஆண்டைக் காணாத காலம் அது. 1773-இல் பஞ்சமும் வயிற்றுக்கடுப்பும் சேர்ந்து, ஆயிரத்துக்கு ஐம்பதுக்கு மேற்பட்டோரைக் கல்லறைக்கு அனுப்பின. இன்று உலகின் மிக வறிய நாட்டிலும் வழக்கமான ஓர் ஆண்டில் காண இயலாத விகிதம் இது. இத்தனை அடக்கச் சடங்குகளை முடித்துவிட்டு இரவில் விளக்கொளியில் எண்ணிக்கை எழுதிய அந்தக் குருக்களை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

பின்னர் சாவு மெல்லத் தணிந்தது. சமாதானம், அம்மைப்பால், உருளைக்கிழங்கு என்று மூன்று காரணங்களைச் சுட்டினார் கவிஞரும் ஆயருமான எசாயாஸ் தெக்னர். அம்மை குத்துதல் 1816-இல் அங்கே கட்டாயமாயிற்று. பிறப்பு மட்டும் பல்லாண்டுகள் குறையவில்லை. மக்கள்தொகை 1850-இல் ஏறத்தாழ 35 லட்சம், 1900-இல் 51 லட்சம். நிலம் போதவில்லை; 1850 முதல் 1930 வரை 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் அமெரிக்காவுக்கு, கப்பலேறினர். சிறு குடும்பம் அதற்குப் பின்னரே பரவியது. 1934-இல் மிர்தால் தம்பதியர் குழந்தைகள் குறைகின்றனவே என்று கவலைப்பட்டு நூல் எழுதும் நிலை வந்தது.

இனி இலங்கைக்கு வருவோம். 1934-35-இல் மலேரியாக் கொள்ளைநோய்க்கு அத்தீவு ஏறத்தாழ 80,000 பேரைப் பறிகொடுத்தது. 1946-இல் டிடிடி தெளிக்கத் தொடங்கினர். ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு அடுத்த ஆண்டே 14 ஆனது. மருந்துக்கு மட்டுமே முழுப் பெருமையையும் தருவோரோடு எனக்கு உடன்பாடில்லை. பங்கீட்டு அரிசிக்கும் கிராம மருத்துவமனைகளுக்கும் அதில் பங்குண்டு. எவ்வாறாயினும், அதே அளவு இறங்கச் சுவீடனுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். பிறப்பு உடனே குறையாததால், 1946-இல் 66 லட்சமாக இருந்த மக்கள் 1971-இல் 127 லட்சமாயினர். வேறுபாடு மக்களின் குணத்தில் இல்லை, வேகத்தில்தான் இருந்தது. கூட்டம் கூட்டமாகக் கப்பலேறிச் செல்ல இவர்களுக்கோர் அமெரிக்காவும் இல்லை.

ஆயினும் 1945-இல் வந்த இலவசக் கல்வி பெண்களைப் பள்ளியில் நிறுத்தியது. 1990-களில் அவர்களது சராசரித் திருமண வயது இருபத்தைந்தை ஒட்டியது. 1953-இல் ஒரு தாய்க்கு ஐந்துக்கு மேலிருந்த குழந்தைகள், அதற்குள் இரண்டை நெருங்கிவிட்டன. சுவீடன் நடந்த வழியை இலங்கை ஓடிக் கடந்தது. நைஜர் போன்ற நாடுகளில் இன்றும் ஆறு குழந்தைகள் என்றால், சாவின் அச்சம் அங்கே இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. பள்ளிக் கதவும் பெண்களுக்கு முழுதாகத் திறக்கவில்லை.

2023-இல் சுவீடனின் விகிதம் 1.45-க்கு இறங்கியது. 1749 முதல் எழுதி வந்த கணக்கில் அதற்குமுன் இத்தனை தாழ்ந்ததில்லை. அக்கணக்கை அந்த ஆண்டில் எழுதியவர்கள் குருக்கள் அல்லர். குடிமக்கள் பதிவேடு 1991 ஜூலையிலேயே அவர்கள் கையைவிட்டு வரித்துறைக்குச் சென்றுவிட்டது.