நுண்மையின் வரலாறும் தூசியின் வரலாறும்

நனோ தொழினுட்பத்தின் வரலாற்றைக் கூறுவோர் அதனை 1959 ஆம் ஆண்டு டிசெம்பர் 29 ஆம் நாளிலிருந்து தொடங்குவதே வழக்கம். கலிபோர்னியாத் தொழினுட்ப நிறுவகத்தில் நடைபெற்ற அமெரிக்கப் பௌதிகச் சங்கக் கூட்டத்தில் உரையாற்றிய றிச்சர்ட் ஃபைன்மன், அணுக்களை ஒவ்வொன்றாக வேண்டியவாறு அடுக்கக்கூடிய காலம் வருமென அன்று எடுத்துரைத்தார். 1974 இல் யப்பானியரான நோரியோ தனிகுச்சி இத்துறைக்குப் பெயர் வழங்கினார். 1981 இல் சூரிச்சிலுள்ள ஐ.பி.எம். ஆய்வுகூடத்திற் பின்னிக், றோறர் ஆகிய இருவரும் அணுக்களைத் தடவிக் காணும் நுணுக்குக்காட்டியை ஆக்கினர். 1985 இல் அறுபது காபன் அணுக்களாலான பந்து கண்டறியப்பட்டது. 1991 இல் சுமியோ இஜிமா காபன் நனோக்குழாயை விவரித்தார். 2000 ஆம் ஆண்டு சனவரியில் ஐக்கிய அமெரிக்க சனாதிபதி கிளின்ரன், தேசிய நனோ தொழினுட்ப முன்முயற்சியை அறிவித்தார். இப்பெயர்களும் ஆண்டுகளும் பிழையானவையல்ல. ஆயின் இது கண்டுபிடித்தோரின் வரலாறு. கண்டுபிடிக்கப்பட்டதைக் கையாற் கொட்டி, அள்ளி, அரைத்து, அதன் தூசியைச் சுவாசித்தோரின் வரலாறு வேறிடத்தில் தொடங்குகின்றது. நனோ தொழினுட்பத்தின் பாதுகாப்புப் பற்றிய வினாவை அவ்விரண்டாவது வரலாற்றில் வைத்தே விளங்கிக்கொள்ளல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

நனோமீற்றர் என்பது ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒன்று முதல் நூறு நனோமீற்றர் வரையுள்ள அளவில் பொருள்களின் இயல்பு மாறுவதே இத்தொழினுட்பத்தின் அடிப்படை. ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனசதுரம் ஒன்றின் மேற்பரப்பு ஆறு சதுர சென்ரிமீற்றர். அதனை ஒரு நனோமீற்றர்க் கனசதுரங்களாகப் பிளந்தால், நிறை சிறிதும் மாறாதிருக்க, மேற்பரப்பு ஆறாயிரம் சதுர மீற்றராகப் பெருகும். வேதித் தாக்கங்கள் நிகழ்வது மேற்பரப்பிலாதலின், இவ்வளவிற் பொருள் புதிய வினைத்திறனைப் பெறுகின்றது. மருந்தை உடலின் உரிய இடத்திற் சேர்ப்பதும், 2020 இல் வெளிவந்த கொரோனாத் தடுப்பூசிகளில் ஆர்.என்.ஏ. இழையைக் கொழுப்பு நனோத்துணிக்கைகளுட் பொதிந்து கலங்களுட் செலுத்தியதும் இவ்வளவில் பொருளைக் கையாள முடிந்தமையால் கைகூடியவையே. அவற்றால் மனித குலம் அடைந்த நன்மையை மறுப்பது பழைமைவாதம். ஆயினும் பயனைத் தரும் அதே மேற்பரப்பும் அதே நுண்மையுமே உயிர்க்கலத்தின் உள்ளேயும் வினை புரிகின்றன. பயனும் தீங்கும் இங்கு இரு வேறு பண்புகள் அல்ல என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறிச் செல்லலாம். 2006 இல் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் 17 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டமாஸ்கஸ் வாளொன்றிற் காபன் நனோக்குழாய்களைக் கண்டனர். அத்தகைய வாள்களுக்குரிய உருக்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆக்கப்பட்டது. 2020 இல் கீழடி மட்பாண்டங்களின் கரிய பூச்சிலும் அத்தகைய குழாய்கள் உள்ளன என அறிவிக்கப்பட்டது. இவை வெளிவந்த மாத்திரத்தே, நனோ தொழினுட்பம் எம் முன்னோர் அறிந்ததே என்ற பெருமிதக் குரல்கள் எழுந்தன. கொல்லனும் குயவனும் தீயின் இயல்பைத் தலைமுறை தலைமுறையாகப் பயின்றவர்கள். அவர்களது கைத்திறன் போற்றற்பாலது. ஆனால் தாம் அறியாத குழாய்களை அவர்கள் அறிந்ததாகக் கூறுவது அவர்களைப் போற்றுவதாகாது. உலையருகே நின்றவன் எத்தனை வயதுவரை வாழ்ந்தான் என்ற வினா இப்பெருமிதத்தில் ஒருபோதும் எழுவதில்லை.

அவ்வினாவை எழுப்பியவர்களுள் எங்கெல்ஸ் முக்கியமானவர். இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலை பற்றி 1845 இல் அவர் வெளியிட்ட நூலிலே ஷெஃபீல்ட் நகரில் கத்தி, முட்கரண்டி ஆகியவற்றைச் சாணை பிடிப்போரின் நிலை விரிவாகக் கூறப்படுகின்றது. நீரின்றி உலர்ந்த கல்லிற் சாணை பிடித்தோரின் சராசரி ஆயுள் முப்பத்தைந்து ஆண்டுகளை எட்டுவதே அரிதாயிருந்தது. கல்லையும் உலோகத்தையும் சேர்ந்த நுண்டூசி அவர்களது சுவாசப்பையை அரித்தது. எங்கெல்ஸ் தரும் மற்றொரு தகவல் இன்னும் ஆழமானது. தூசியைத் தடுக்கும் கருவி அக்காலத்திலேயே இருந்தது. ஆனால் அதனைத் தொழிலாளரே எதிர்த்தனர். வேலை ஆபத்தற்றதாயின் பலர் அதனை நாடி வருவர், கூலி வீழும் என அஞ்சினர். அதாவது, தூசியே அவர்களது கூலிக்குக் காவலாக நின்றது. தொழிலாளியின் அறியாமை என்று இதனைத் தள்ளிவிடுவோர், உழைப்புச் சக்தி பண்டமாக விற்கப்படும் சமூகத்தில் ஆயுளும் விலைக்கணக்கில் ஓர் இலக்கமாகிவிடுவதைக் காணத் தவறுகின்றனர். மார்க்ஸ் 'மூலதனம்' முதற் றொகுதியில் தொழிற்சாலைப் பரிசோதகரின் அறிக்கைகளைப் பக்கம் பக்கமாகப் பயன்படுத்தியமைக்கு இதுவே காரணம். அரசின் காகிதங்களிலேயே உண்மை கிடந்தது; அதற்கு அதிகாரந்தான் இருக்கவில்லை.

கல்நாரின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும். அஸ்பெஸ்ரஸ் எனப்படும் இக்கனிய நார் தீயில் எரியாதது, நூலாக நூற்கத்தக்கது, மலிவானது. ஆகவே அதன் காலத்தில் அதிசயப் பொருளெனக் கொண்டாடப்பட்டது. பிரித்தானியாவின் முதற் பெண் பரிசோதகர்களுள் ஒருவரான லூசி டீன் 1898 ஆம் ஆண்டுக்குரிய அறிக்கையில், கல்நார்த் தூசியை நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது அதன் துணிக்கைகள் கண்ணாடிச் சில்லுகள் போலக் கூர்மையாயிருந்தமையையும், அவை காற்றிலே மிதந்த இடங்களிற் பணிபுரிந்தோர் தீங்குற்றமையையும் பதிவு செய்தார். அதற்கடுத்த ஆண்டில் வைத்தியர் மொன்ரேகு மறேயிடம் சிகிச்சைக்கு வந்த கல்நார்த் தொழிலாளி ஒருவர், தமது அறையில் வேலை செய்த பத்துப் பேரில் தாமொருவரே எஞ்சியிருப்பதாகக் கூறினார். 1906 இல் நட்டஈட்டுக் குழுவின் முன் மறே இதனைச் சாட்சியமாக அளித்தார். எனினும் நட்டஈட்டுக்குரிய நோய்களின் பட்டியலிற் கல்நார் இடம்பெறவில்லை.

நெலி கேஷோ 1903 இல், பன்னிரண்டு வயதில், கல்நார்த் தொழிலிற் சேர்ந்தார். 1917 முதல் றொச்டேல் நகரில் ரேணர் சகோதரர் தொழிற்சாலையில் நூல் நூற்றார். 1922 இல் மூச்சுவிட முடியாமல் வேலையை விட்டார். 1924 மார்ச்சில் முப்பத்துமூன்றாவது வயதில் இறந்தார். தொழிற்சாலை நட்டஈடு வழங்க மறுத்தது. அவரது புதைகுழிக்கு அடையாளக் கல்லும் இருக்கவில்லை. அவரது சுவாசப்பையை ஆராய்ந்த வைத்தியர் குக், 1927 இல் அந்நோய்க்கு அஸ்பெஸ்ரோசிஸ் எனப் பெயரிட்டார். மெரிவெதர், பிறைஸ் ஆகியோர் 363 தொழிலாளரைப் பரிசோதித்து 1930 இல் வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம் நோய் இருந்தமையைக் காட்டியது. 1931 இல் ஒழுங்குவிதிகள் பிறந்தன. அவையும் தொழிற்சாலையின் குறித்த சில வேலைகளுக்கு மட்டுமே. கப்பற்றுறையிற் கொதிகலன்களுக்குக் கல்நார் சுற்றியோர் அவற்றின் எல்லைக்கு வெளியே நின்றனர். 1960 இல் தென்னாபிரிக்காவில் வாக்னரும் சகாக்களும், சுவாசப்பையைச் சூழ்ந்த மென்சவ்வில் தோன்றும் அரிய புற்றுநோயைக் பெரும்பாலும் கல்நார்ச் சுரங்கப் பகுதியோடு தொடர்புடையோரான 33 பேரிற் கண்டு வெளிப்படுத்தினர். பிரித்தானியா கல்நாரை முற்றாகத் தடைசெய்தது 1999 இல். லூசி டீனின் அறிக்கைக்கும் அதற்குமிடையே ஒரு நூற்றாண்டு. அறிவு போதாமையால் ஏற்பட்ட தாமதம் என இதனைக் கூற முடியாது.

முற்போக்காளர் இங்கு நிறுத்திக்கொள்வது எளிது, நேர்மையாகாது. உற்பத்திச் சாதனங்களைப் பொதுவுடைமையாக்கிய சோவியத் ஒன்றியத்திலும் கல்நார் வெட்டப்பட்டது. யூரல் மலைப்பகுதியில் 'அஸ்பெஸ்ற்' என்றே பெயரிடப்பட்ட நகரம் எழுந்தது. உடைமை மாறியது, தூசி மாறவில்லை. உற்பத்தி அளவே வெற்றியின் அளவாகக் கொள்ளப்பட்டவிடத்து, தொழிலாளியின் சுவாசத்தைத் தொழிலாளியே அளந்து வேலையை நிறுத்தும் உரிமை அங்கும் வேரூன்றவில்லை. இன்று உலகின் மிகப் பெரிய கல்நார் உற்பத்தி நாடு ருஷ்யா. அதன் விளைவை நாமும் அனுபவித்தோம். 2018 முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை முடிவு செய்திருந்தது. 2017 டிசெம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதெனக் கூறி ருஷ்யா இலங்கைத் தேயிலையைத் தடுத்தது. சில நாள்களில் இலங்கை அரசு கல்நார்க் கட்டுப்பாட்டைப் பிற்போட்டது. அம்மாத முடிவிற்குள் தேயிலைக்கு வழி திறந்தது. மலையகத் தோட்டத் தொழிலாளியின் வேலையும் கூரைத்தகடு வெட்டுவோனின் சுவாசப்பையும் ஒரே தராசின் இரு தட்டுகளில் வைக்கப்பட்டன. தராசைப் பிடித்தவர்கள் இவ்விருவருமல்லர்.

கல்நாரிலிருந்து காபனுக்கு வருவோம். காரீயம் எனப்படும் பென்சிற்கரி, ஓரணுத் தடிப்புள்ள காபன் தகடுகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டது. அவ்வாறான தகடொன்றைத் தனியே பிரித்தால் கிராஃபீன். 2004 இல் மன்செஸ்ரரில் கெய்ம், நொவோசெலோவ் ஆகியோர் ஒட்டுநாடா கொண்டு அதனை உரித்தெடுத்தனர். அத்தகட்டைச் சுருட்டியது போன்ற வடிவமே நனோக்குழாய். போகலவிலும் கஹட்டகஹவிலும் வெட்டப்படும் எமது காரீயம் தூய்மையால் உலகப் புகழ் பெற்றது. கிராஃபீன் யுகத்தில் அதன் மதிப்பு உயருமென்ற நம்பிக்கை இங்கு பரவலாக உண்டு. அந்நம்பிக்கையோடு சேர்த்து நினைவுகூர வேண்டிய ஆய்வொன்றுளது. 1972 இல் றணசிங்க, உறகொட ஆகிய வைத்தியர்கள் எமது காரீயச் சுரங்கத் தொழிலாளர் 344 பேரின் மார்புக் கதிர்ப்படங்களை ஆராய்ந்து, ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோரில் தூசியால் விளைந்த மாற்றங்களைக் கண்டனர். காபன் தூசி எங்கட்குப் புதிய விருந்தாளியன்று.

நனோக்குழாயின் விசேட அபாயம் அதன் வடிவத்திற் றங்கியுள்ளது. சுவாசப்பையுட் புகும் அந்நியத் துணிக்கைகளைத் தின்குழியங்கள் விழுங்கி அகற்றும். தின்குழியத்தைவிட நீண்ட, விறைப்பான நாரை அது முழுமையாக விழுங்க இயலாது. அரைகுறையாகப் பற்றி, நச்சுப் பொருள்களைச் சிந்தி, அழற்சியை நீடிக்கச் செய்யும். கல்நார் இவ்வாறே கொல்லும். 2008 இல் எடின்பரோவைச் சேர்ந்த கென் டொனல்ட்சனும் சகாக்களும் நீண்ட பல்சுவர் நனோக்குழாய்களைச் சுண்டெலிகளின் வயிற்றறையுட் செலுத்தியபோது, நீண்ட கல்நார் விளைக்கும் அழற்சியும் கட்டிகளும் தோன்றின; குறுகிய, சுருண்ட குழாய்கள் அவ்விளைவைத் தரவில்லை. 2014 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகத்தின் நிபுணர் குழு ஒரு குறித்த வகைப் பல்சுவர்க் குழாயை மனிதரிற் புற்றுநோயை விளைக்கக்கூடிய பொருளெனவும், ஏனையவற்றை வகைப்படுத்தப் போதிய சான்றில்லை எனவும் முடிவு செய்தது. சான்றில்லை என்பது தீங்கில்லை என்பதாகாது. ஆனால் சந்தை அவ்விரண்டையும் ஒன்றாகவே வாசிக்கும்.

கல்நாருக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கு தொழிலாளரின் பிணங்கள் குவியுமுன்னரே வினா எழுப்பப்பட்டது. 2004 இல் பிரித்தானிய றோயல் சங்கமும் றோயல் பொறியியற் கழகமும், தொழிற்சாலைகளும் ஆய்வுகூடங்களும் நனோத்துணிக்கைகளைத் தீங்கானவை எனக் கருதியே கையாள வேண்டுமெனப் பரிந்துரைத்தன. இது வரலாற்றின் பேறு. நெலி கேஷோ போன்றோரின் உயிர்கள் தந்த பேறு. எனினும் பரிந்துரை சட்டமன்று. 2013 இல் ஐக்கிய அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிறுவகம் காபன் நனோக்குழாய்க்கு ஒரு கனமீற்றர் காற்றில் ஒரு மைக்குரோகிராம் என்ற எல்லையைப் பரிந்துரைத்தது. அவ்வெல்லையிலும் அபாயம் எஞ்சியிருக்கலாமென அந்நிறுவகமே ஒப்புக்கொண்டது. தனது அளவீட்டு முறை நம்பகமாக அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு அதுவாதலாலேயே அதனைத் தெரிந்தது. எல்லை உடலுக்குரியதன்று, கருவிக்குரியது. ஐரோப்பிய இரசாயனச் சட்டத்தில் ஒரு பொருளைப் பதிவு செய்யும் கடப்பாடு ஆண்டுக்கு ஒரு தொன் என்ற நிறையிலிருந்தே தொடங்குகின்றது; நனோ வடிவங்களுக்கெனத் தனியான தகவற் றேவைகள் 2020 சனவரியிலேதான் நடைமுறைக்கு வந்தன. நிறை, பண்டத்தை விற்பவனின் அளவு. சுவாசப்பையோ மேற்பரப்பையும் நீளத்தையும் அளக்கின்றது.

எமது நாட்டில் 2008 இல் அரசும் தனியார் நிறுவனங்களும் கூட்டாக இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகத்தை அமைத்தன. யூரியாவை ஐதரொட்சி அப்பதைற்று நனோத்துணிக்கைகளோடு பிணைத்து, நைதரசனை மெல்ல வெளிவிடச் செய்யும் பசளை அங்குள்ள விஞ்ஞானிகளின் குறிப்பிடத்தக்க சாதனை. 2017 இல் அது சர்வதேச ஆய்விதழில் வெளிவந்தது. அதற்கு முன்னரே அதன் உரிமம் இந்திய நிறுவனமொன்றிடம் சென்றுவிட்டது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டு வயல்கள் வாடியபோது, நவம்பர் மாதம் இந்திய விமானப்படையின் விமானங்களில் நூறு தொன் நனோ நைதரசன் திரவம் வந்திறங்கியது. அது எம்மவர் ஆக்கிய பசளையன்று. அவ்வாண்டு மே மாதத்திலேதான் அறிமுகமான வேறொரு பண்டம். 2023 இல் டென்மார்க் விஞ்ஞானிகள் இருவர் அதன் உற்பத்தியாளர் கூறிய பயன்களை வன்மையாக வினாவினர். ஒரு போத்தல் திரவம் ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடாகுமா என்பதே அவ்விவாதத்தின் மையம். ஆனால் அது இலைமேற் றெளிக்கப்படும் பசளை. தெளிகருவியை முதுகிற் சுமந்து, முகக்கவசமின்றி, காற்றெதிரே வரம்பில் நடந்து சென்றவர்கள் அதனை எவ்வளவு சுவாசித்தனர் என்பது வேறொரு வினா. விளைச்சலைப் போல அதனையும் அளக்கலாம். அளக்கும் பொறுப்பை ஏற்க வேண்டியவர் யார் என்பதே எம் முன்னுள்ளது.