ஒலிபெருக்கிக்கு உயிர் வந்த வரலாறு

ஒலிபெருக்கி தானே பேசும் கருவியன்று, பேசுவிக்கப்படும் கருவி. காகிதக் கூம்பு, கம்பிச் சுருள், காந்தம் ஆகிய மூன்றுமே அதன் உடல். சுருளில் மின்னோட்டம் மாறி மாறிப் பாயும்போது, அது காந்தப் புலத்தினுள் முன்னும் பின்னும் அசைகின்றது. கூம்பும் உடனசைந்து காற்றை அதிரச் செய்கின்றது. அம் மின்னோட்டத்தைப் போதிய வலுவுடன் ஊட்டுவது விரியலாக்கி என்னும் வேறொரு கருவியாகும். இவற்றுள் உடல் முந்திப் பிறந்தது. உயிர் பிந்தி வந்தது.

அசையும் சுருளின் அமைப்பை ஜேர்மனியரான வேர்ணர் சீமென்ஸ் 1874ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தார். 1898இல் ஆங்கில விஞ்ஞானி ஒலிவர் லொட்ஜ் அதனைத் திருத்தினார். ஆயினும், தொலைபேசிக் கம்பியில் வந்த நலிந்த மின்னோட்டத்தால் ஓர் அறையை நிறைக்கும் ஒலியை எழுப்ப இயலவில்லை. கருத்து நன்று, அதை இயக்கும் வலு இல்லை.

அமெரிக்கரான லீ டி பொரெஸ்ட் 1906இல் மூன்று மின்வாய் வால்வை ஆக்கினார். நலிந்த மின்னோட்டத்தைப் பெருக்கவல்லது அது என்பது 1912 அளவில் தெளிவாயிற்று. 1919இல் சான் டியாகோ நகரிலே, ஜனாதிபதி வில்சனின் உரையை ஏறத்தாழ 50,000 மக்கள் ஜென்சன், பிரிதம் என்போரின் ஒலிபெருக்கிகள் வழியே கேட்டனர்.

1925ஆம் ஆண்டில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வேட் கெலொக் ஆகிய இருவரும் இன்றைய ஒலிபெருக்கிக்கு அடிப்படையான அமைப்பை வெளியிட்டனர். அதற்கென ஒரு வாற்று வலுத் தரும் விரியலாக்கியையும் அவர்களே வகுத்தனர். மறு ஆண்டில் அது விற்பனைக்கு வந்தபோது, ஒலிபெருக்கியும் விரியலாக்கியும் ஒரே பெட்டிக்குள் இருந்தன.

தாழ்ந்த சுரங்களோ இன்னும் மிகுந்த வலுவை வேண்டுவன. ஒலியின் அளவு குறையாமல் ஒரு தாயி கீழே இறங்கவேண்டுமாயின், கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைதல் வேண்டும். செவியும் அச்சுரங்களை எளிதிற் கேட்பதில்லை என்பதை 1933இல் பிளெச்சரும் மன்சனும் அளந்து காட்டினர். 1954இல் எட்கர் வில்ச்சர் காற்றுப் புகாத சிறு பெட்டியில் ஆழ்ந்த ஒலியைப் பெற்றார். அதற்கு விலையாக அப்பெட்டி கூடிய வலுவைக் கேட்டது. 1974இல் வெளிவந்த 'பூகம்பம்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்துக்காக, அரங்குகளில் பெரும் தாழொலிப் பெட்டிகளும் அவற்றுக்கென வலிய விரியலாக்கிகளும் நிறுவப்பட்டன.

இவ்வரலாறு இன்றைய இல்லங்களுக்கும் பொருந்தும். விரியலாக்கி உள்ளமையாத 'சப்வூபர்' பெட்டி, சீமென்ஸ் காலத்துச் சுருளைப் போன்றதே. இல்லத்து ஒலிக்கருவியின் பின்புறமுள்ள சப்வூபர் துவாரம் சமிக்ஞையை மாத்திரம் தருகின்றது, வலுவைத் தருவதில்லை. எனவே இடையே தனி விரியலாக்கி ஒன்று வேண்டும். பெட்டி 4 ஓம் உடையதாயின், 4 ஓமைத் தாங்கவல்ல விரியலாக்கியே தகும். செக்கனுக்கு ஏறக்குறைய 80 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலிகளை வடித்து நீக்குதலும் நன்று. வலுக் குறைந்த விரியலாக்கியை அளவு மீறி வருத்தினால், அலையின் உச்சி வெட்டுண்டு ஓசை கரகரக்கும், சுருளும் வெந்துபோகக்கூடும்.

அவ்வேளையில் பெட்டியைப் பழிப்போர் பலர். எய்தவன் இருக்க அம்பை நோவது முறையன்று.