மறுமுறை திவால் மனு: சட்டம் விதிக்கும் காத்திருப்பு

கடன் தீர்க்க வழியற்ற தனிநபர், இரண்டாம் முறை நிவாரணம் கோர எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின் 80ஆம் பிரிவு 12 மாதங்கள் என்கிறது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும், சொத்து மதிப்பு 20,000 ரூபாய்க்கும், தகுதியுடைய கடன் 35,000 ரூபாய்க்கும் மிகாத, சொந்த வீடற்ற கடனாளிக்கு இப்பிரிவு ‘புதிய தொடக்கம்’ என்னும் கடன் விடுவிப்பை அளிக்கிறது. கல்விக்கடன் இதில் அடங்காது.

ஆனால் சட்டத்தின் தனிநபர் பகுதி, 2019 டிசம்பர் 1 முதல், நிறுவனக் கடன்களுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் அளித்தோருக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. ஏழைக் கடனாளிக்கான பிரிவு ஏட்டளவில் நின்றது. ஆகவே சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களில் 1909ஆம் ஆண்டுச் சட்டமும், பிற இடங்களில் 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமுமே பொருந்துகின்றன.

மறுமனுவுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கணக்கு எதையும் விதிக்கவில்லை. எனினும், உரிய காலத்தில் விடுவிப்பு ஆணை கோராததால் நொடிப்பு ஆணை ரத்தானவர், நீதிமன்ற அனுமதியின்றி மீண்டும் மனுச் செய்ய இயலாது. தவறியதற்கு நியாயமான காரணம் இருந்ததையோ, புதிய மனுவின் நிலவரம் பெரிதும் வேறானது என்பதையோ அவர் காட்ட வேண்டும். எனவே விடுவிப்புக்கான கெடுவைத் தவறவிடாதிருப்பதே முதல் பாதுகாப்பு.

கொத்தடிமைக் கடனுக்கோ காத்திருப்பே இல்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அக்கடனை அடியோடு ஒழித்துவிட்டது. செங்கல் சூளையில் முன்பணத்துக்காகக் கட்டுண்ட தலித் குடும்பத்துக்குத் தேவை திவால் மனு அன்று. மாவட்ட ஆட்சியரிடம் விடுவிப்புக் கோரும் மனுவே.