வலிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்: ஆண்களுக்கு எந்த வயதில் எந்தப் பரிசோதனை?

மோட்டார் சைக்கிளின் ரோட் டேக்ஸ் எப்போது முடிகிறது என்பது நம் ஆண்களுக்கு மனப்பாடம். லோரிக்கு எண்ணெய் மாற்ற வேண்டிய நாளும் தெரியும். கடைசியாக இரத்த அழுத்தம் பார்த்தது எப்போது என்று கேட்டால் மட்டும் பலரிடம் பதில் இருக்காது. "எனக்கென்ன, நல்லாத்தானே வேலைக்குப் போறேன்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

தோட்டத்தில் குடியிருந்த காலத்தில் பக்கத்திலேயே டிரெஸ்ஸர் இருந்தார். காய்ச்சல் என்றாலும் காயம் என்றாலும் அவர் கண்ணில் பட்டுவிடும். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்த பிறகு, தானாகக் கிளினிக்கிற்குப் போகாத ஆணை யாரும் தேடி வந்து பார்ப்பதில்லை. அதனால் எப்போது போவது, எதைக் கேட்டுச் செய்துகொள்வது என்பதை நாமே தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

வலிக்காத நோய்கள்

சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி, நாட்டில் 18 வயதைக் கடந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு அந்நோய் இருப்பதே தெரியாது. இந்தியர்களிடையேதான் அந்த விகிதம் மிக அதிகம். ஏறத்தாழ பத்துப் பேரில் மூவர். உயர் இரத்த அழுத்தம் எல்லா இனத்தையும் சேர்த்து, 18 வயதைக் கடந்தவர்களில் பத்துப் பேரில் மூவருக்கு இருந்தது.

இந்த நோய்கள் தொடக்கத்தில் வலிப்பதில்லை. வேலைக்குப் போகலாம், பந்து விளையாடலாம், மாமாக் கடையில் உட்கார்ந்து தே தாரேக் குடிக்கலாம். உள்ளே சிறுநீரகம், கண், கால் நரம்பு, இதயக் குழாய் ஆகியவை மெல்ல மெல்லப் பழுதாகிக்கொண்டிருக்கும். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோருக்குச் சிறுநீரகம் செயலிழக்க முதன்மைக் காரணம் இனிப்புநீர்தான். வாரத்திற்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டும். நாள் சம்பளத்திற்கு வேலை செய்பவர் அந்த நிலைக்கு வந்தால் குடும்பத்தின் வருமானமே ஆட்டம் கண்டுவிடும். ஒரு சொட்டு இரத்தத்தில் முன்கூட்டியே பிடித்திருக்கக்கூடிய நோய் இது.

30 வயதில்

இளமை இருக்கிறது என்று அலட்சியமாக இருக்கும் வயது இது. ஆண்டுக்கு ஒரு முறை நான்கு விஷயங்களைப் பார்த்துக்கொண்டால் போதும்: இரத்த அழுத்தம், இரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு.

இடுப்பை அளக்கும்போது கால்சட்டை அளவை நம்பாதீர்கள். தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டினால் 34 அங்குலக் கால்சட்டையே பல ஆண்டுகளுக்குப் பொருந்தும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டு, அளவு நாடாவைச் சுற்றிப் பாருங்கள். நம் போன்ற ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் எல்லை. அதைத் தாண்டினால் உடல் ஒல்லியாகத் தெரிந்தாலும் இனிப்புநீரும் இதய நோயும் வரும் ஆபத்து கூடுகிறது.

தந்தைக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன்பும் மாரடைப்பு வந்திருந்தால், அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் பரிசோதனையைத் திட்டமிட அது முக்கியமான தகவல்.

40 வயதில்

மேலே சொன்ன நான்கோடு சிறுநீரகப் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரில் புரதம் கசிகிறதா, இரத்தத்தில் கிரியேட்டினின் எவ்வளவு என்று பார்ப்பார்கள். இனிப்புநீர் இருப்பது தெரிந்துவிட்டால், கண்ணின் பின்புறத்தைப் படமெடுத்துப் பார்ப்பதும் பாதங்களைச் சோதிப்பதும் ஆண்டுதோறும் நடக்க வேண்டும். பார்வை மங்கிய பிறகு போனால் இழந்ததை முழுமையாக மீட்க முடியாது.

வெற்றிலை பாக்கு, புகையிலை, சிகரெட், மது ஆகிய பழக்கம் உள்ளவர்கள் வாயைக் காட்ட வேண்டும். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையேதான் அதிகம் காணப்படுகிறது. வாயில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் எதுவாக இருந்தாலும் அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டுங்கள். கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடியையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

சம்சு, பீர் என்று அடிக்கடி குடிப்பவர்கள் எவ்வளவு குடிக்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்லிக் கல்லீரல் பரிசோதனையையும் கேட்கலாம்.

வெளியில் சொல்லத் தயங்கும் இன்னொன்றும் உண்டு. தாம்பத்திய உறவில் ஆண்மைக் குறைவு ஏற்பட்டால் பலர் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள், அல்லது ரோட்டோரம் விற்கும் லேகியத்தை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். சில சமயம் அது இனிப்புநீருக்கோ இதயக் குழாய் அடைப்புக்கோ முதல் எச்சரிக்கையாக இருக்கும். மருத்துவரிடம் சொன்னால் அவர் சிரிக்க மாட்டார். இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார்.

50 வயதில்

மலேசிய ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களின் முன்வரிசையில் இருப்பது பெருங்குடல் புற்றுநோய். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் எளிய மலப் பரிசோதனை இருக்கிறது. சிறு குழாய் ஒன்றைத் தருவார்கள். வீட்டில் கொஞ்சம் மல மாதிரியை அதில் எடுத்துத் திருப்பிக் கொடுத்தால், கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரத்தம் இருப்பதாக முடிவு வந்தால் புற்றுநோய் என்று பயந்துவிட வேண்டாம், மூலமாகவும் இருக்கலாம். ஆனால் அடுத்த கட்டமான கொலோனோஸ்கோப்பியைத் தட்டிக் கழிக்கவும் கூடாது. புற்றாக மாறக்கூடிய சிறு கட்டிகளை அந்தச் சோதனையின்போதே அகற்றிவிட முடியும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால் 50 வரை காத்திருக்காமல் முன்னதாகவே கேளுங்கள்.

அடுத்தது புராஸ்டேட் சுரப்பி. இதற்கு பிஎஸ்ஏ என்ற இரத்தப் பரிசோதனை உண்டு. எல்லா ஆண்களும் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை இது இல்லை. சுரப்பி வீங்கினாலும் சிறுநீர்க் கிருமித் தொற்று இருந்தாலும் அளவு கூடும். ஆபத்தில்லாத, மெதுவாக வளரும் புற்றையும் அது காட்டித் தேவையற்ற சிகிச்சைக்குக் கொண்டுபோகலாம். நன்மை தீமை இரண்டையும் மருத்துவரிடம் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். சிறுநீர் தடைபட்டு வருவது, இரவில் பலமுறை எழுந்திருப்பது, சிறுநீரில் இரத்தம் ஆகியவை இருந்தால் எந்த வயதிலும் உடனே போக வேண்டும்.

60 வயதுக்குப் பிறகு

கண்புரை, கண் நீர் அழுத்தம், காது கேட்கும் திறன், ஞாபக சக்தி, நடையில் தடுமாற்றம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஃபுளூ தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். மனைவியை இழந்த, வேலை ஓய்வு பெற்ற பெரியவர்கள் பேச்சைக் குறைத்து, தூக்கமின்றி, சாப்பாட்டில் நாட்டமின்றி இருந்தால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வுக்கும் கிளினிக்கில் சிகிச்சை உண்டு.

எங்கே போவது?

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மலேசியர்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்.

குறைந்த வருமானம் பெறுவோருக்கு 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டம் இருக்கிறது. எஸ்டிஆர் உதவித் தொகை பெறுபவரும் அவருடைய துணைவரும் 40 வயதை எட்டியிருந்தால், திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் கிளினிக்கிலும் இலவசமாகப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அடையாள அட்டையைக் கொண்டு போனால் தகுதி உண்டா என்று அங்கேயே பார்த்துச் சொல்வார்கள்.

சம்பளத்தில் சொக்சோ பிடிக்கப்படும் தொழிலாளர்களுக்கு, 40 வயதைத் தாண்டியவர்களுக்கான இலவசப் பரிசோதனையைப் பெர்கேசோ 2013இல் தொடங்கியது. உங்களுக்கு இப்போது வாய்ப்பு உள்ளதா என்று அருகிலுள்ள பெர்கேசோ அலுவலகத்தில் விசாரியுங்கள்.

போவதற்கு முன்

வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பதாகச் சொன்னால் முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 8 முதல் 10 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. பச்சைத் தண்ணீர் குடிக்கலாம். சீனி போடாத காப்பியும் கூடாது. இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு அரை மணி நேரத்திற்கு முன்பிருந்தே சிகரெட்டும் காப்பியும் வேண்டாம். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிட்டு வரும் மாத்திரைகளை, நாட்டு மருந்து உட்பட, கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

முடிவைப் படிப்பது எப்படி?

இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் அது உயர் இரத்த அழுத்தம். வெறும் வயிற்றில் சர்க்கரை 7.0 அல்லது அதற்கு மேல் இருந்தால் இனிப்புநீர் எனக் கருதப்படும், 6.1 முதல் 6.9 வரை என்றால் எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் மலேசிய மருத்துவ வழிகாட்டி வைத்திருக்கும் எல்லை 6.3 விழுக்காடு. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு முறை சோதித்துத்தான் உறுதி செய்வார்கள். எல்லைக்கோட்டில் இருப்பவர் எடையைக் குறைத்து, நடந்து, இனிப்புப் பானத்தை விட்டால் நோய் வருவதைத் தள்ளிப்போடலாம். பலருக்குத் தடுக்கவும் முடியும்.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். இரத்தம் கொடுத்துவிட்டு முடிவை வாங்கப் போகாமல் இருப்பது, மாத்திரை கொடுத்தால் ஒரு மாதம் சாப்பிட்டு நிறுத்துவது, பாகற்காய்ச் சாறு குடிக்கிறேன் என்று மருந்தை விடுவது ஆகியவற்றால் பரிசோதனையே வீணாகிறது. பாகற்காயைக் கறியாகச் சாப்பிடுங்கள், மருந்தையும் சாப்பிடுங்கள். நன்றாக இருக்கிறது என்பதால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நன்றாக இருப்பதே மாத்திரையால்தான்.

நெஞ்சில் அழுத்தம், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போதல், வாய் கோணுதல் போன்றவை வந்தால் பரிசோதனை நாளுக்குக் காத்திருக்கக் கூடாது; உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் காச நோய்க்கான சளிப் பரிசோதனை செய்ய வேண்டும்.

தேதி மறந்துவிடும் என்பவர்களுக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. அடையாள அட்டையின் முதல் 6 எண்கள் உங்கள் பிறந்த தேதி. ஒவ்வோர் ஆண்டும் அந்த மாதத்தில் ஒரு நாள் காலையில் கிளினிக்கிற்குப் போய்விடுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் அண்ணனையோ மாமாவையோ வேலையிடத்து நண்பரையோ அழைத்துச் செல்லுங்கள். இருவரில் ஒருவருக்காவது அது உரிய நேரத்தில் பலனளிக்கலாம்.